தோளில் ஒரு மேடு

பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கை, அவர் இறங்குவதற்குள் மெழுகக்கா தன் பைக்குள்ளேயே செய்து முடித்துவிடுவாள். முகத்தைப் பார்த்தால் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறவள் மாதிரிதான் இருக்கும். வலது கை மட்டும் பைக்குள் போயிருக்கும். உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு மெழுகு உருண்டை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சியது, கைச்சூட்டிலேயே இளகிவிடும். மூக்கு சரியாக வரவில்லை என்றால் தான் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கமாட்டாள். மூக்குக்காரர் எதுவரை போகிறாரோ அதுவரை கூடவே போய்விட்டு, வேறு வண்டி பிடித்துத் திரும்பி வருவாள். வீட்டில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அந்த மனுஷன் மூக்கு ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. பாதியில விட்டுட்டு வர மனசு வருமா?"

ஒருதடவை ஒரு பெரியவர் இவள் தன்னையே பார்க்கிறாள் என்று எண்ணி வெட்கப்பட்டு எழுந்து போய் நின்றுகொண்டார். இவளும் எழுந்து போய் அவர் எதிரிலேயே நின்றாள். காது பாக்கி இருந்ததாம்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தலையில் பாதி நரை, விரல் நகமெல்லாம் மெழுகின் பழுப்பு. அவள் செய்கிற சிலைகள் பெரிய பெரிய மண்டபங்களில் நிற்கின்றன. ஆனால் அவள் வேலை செய்கிற இடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வழி தவறிவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள். அது இரும்புக் கேட்டு செய்கிற ஒரு பட்டறை. உள்ளே நுழைந்தால் இரும்புக் குழாய்கள், ஜன்னல் கம்பிகள், பாதி வெல்டிங் செய்த வாசற்கதவுகள், காது கிழிகிற சத்தம். அதையெல்லாம் தாண்டி, தகடு மடிக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மூலை. அங்கே ஒரு முக்காலி, ஒரு மண் அடுப்பு, ஒரு மெழுகுச் சட்டி, அப்புறம் மெழுகக்கா. பட்டறை அவள் வீட்டுக்காரருடையது. அந்தப் பக்கமெல்லாம் அவரைக் கேட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். மாடியில் வீடு.

அவள் பிறந்த வீடு வெண்கலம் வார்க்கிற வீடு. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண்ணைப் பூசிப் பூசிக் கரு என்கிற அச்சைக் கட்டி, நெருப்பில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த இடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றினால் உருவம் நின்றுவிடும். பேசத் தொடங்குவதற்கு முன்பே இந்த வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி இங்கே வந்தபோது இந்தச் சத்தத்தில் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டோம் என்றுதான் நினைத்தாளாம். அப்போதுதான் அந்த மடிக்கிற இயந்திரத்தைப் பார்த்தாள். கட்டில் அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு உள்ளே போனது. கஞ்சி போட்ட துணி மாதிரி ஓசைப்படாமல் மடிந்து வெளியே வந்தது. "எனக்கு முதல்ல அந்த மெஷினைத்தான் பிடிச்சுது. இவரைப் பிடிச்சதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சு" என்று கேட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வாள். அவரும் தலையாட்டுவார். "உண்மைதான். மெஷின் எதிர்த்துப் பேசாது பாருங்க."

அன்றிலிருந்து அவள் சிலைகளுக்கு முகமும் கையும் வெண்கலத்தில், உடம்பு எவர்சில்வர் தகட்டில். உடுப்பு மடிப்பெல்லாம் இயந்திரம் மடித்தது. முழங்கை வளைவது தண்ணீர்க் குழாய் வளைக்கிற கருவியில். முகத்தில் ஒரு சுருக்கம் கொண்டுவர அவள் ஒரு வாரம் உட்காருவாள்; முதுகு முழுவதையும் கேட்டுக்காரர் ஒரு காலையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கலையைப் பற்றி எழுதுகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு காலங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன என்று எழுதினார். நாத்தனார் அதை உரக்கப் படித்துக் காட்டினாள். மெழுகக்கா மெழுகைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "விசாரணையும் இல்ல, ஒண்ணும் இல்ல. முழுக்க வெண்கலத்துல செஞ்சா யாரு தூக்கறது? இவருகிட்டத் தகடு மிச்சம் கிடந்துச்சு."

இந்த நாத்தனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கேட்டுக்காரரின் தங்கை. பட்டறையில் போன் எடுப்பது, வந்தவர்களுக்குப் பதில் சொல்வது, அண்ணன் கோபப்பட்டு விரட்டிய ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவது எல்லாம் அவள்தான். அண்ணியின் வேலையைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. மெழுகுச் சட்டியும் டீச் சட்டியும் ஒரே மாதிரி இருக்கின்றன. இந்த வீட்டில் மெழுகு டீ குடிக்காதவர்கள் யாரும் இல்லை. "தொண்டை வழுவழுன்னு இருக்கு அண்ணி, பாட்டு கூட வரும் போல" என்பாள்.

கேட்டுக்காரரை அடக்கமான மனுஷர் என்று யாரும் தப்பாகச் சொல்லிவிட முடியாது. தெருவில் நடந்து போகும்போது தான் செய்த கேட்டு எதைப் பார்த்தாலும் நிற்பார். மூலையில் இரண்டு குழாய் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் நகருவார். வீட்டுக்காரர்கள் வெளியே வந்து யார் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நாய்கள்கூடக் குரைப்பதில்லை. அவருடைய பெருமையெல்லாம் அந்த மூலையில்தான் இருக்கிறது. இரண்டு இரும்பு சேர்ந்த இடம் கண்ணுக்கும் தெரியக்கூடாது, விரலுக்கும் தட்டுப்படக்கூடாது. வெல்டிங் ஓடிய தடம் மேடாக நிற்கும் அல்லவா, மீன் செதில் ஒன்றின்மேல் ஒன்று படிந்த மாதிரி? அதை இயந்திரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் தேய்த்து, துணிச் சக்கரத்தால் தேய்த்து, இல்லவே இல்லை என்று ஆக்கிவிடுவார். "வெல்டிங் தெரிஞ்சா அது வெல்டிங் இல்ல. காயத்துக்குப் போட்ட கட்டு" என்பது அவர் பேச்சு. வேறொருவர் செய்த கேட்டில் தடம் தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பிறர் வீட்டுச் சண்டையைப் பார்த்தவர் மாதிரி.

இப்படித் தன் வேலையைத் தானே அழித்து அழித்து, அவர் கை எந்தச் சிலையிலும் இல்லாமலே போய்விட்டது. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தமெல்லாம் மெழுகக்காவுக்குத்தான்.

அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் புரியும். போன வருஷம் ஒரு கண்காட்சி. அவளைச் சுற்றி ஒரே கூட்டம். கேட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தான் மடித்த முதுகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு சீமாட்டி சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆகா என்று சொல்லி, உருகி, குடித்து முடித்த கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவரும் வாங்கிக்கொண்டு போய்க் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். "நல்ல கோப்பை. பிடி ஒட்டின இடமே தெரியல." நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். மெழுகக்கா சிரிக்கவில்லை. அவள் அந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தபடியே அதைப் பார்த்திருந்தாள்.

அடுத்த சிலைக்குப் பெயர்ப்பலகை எழுதியபோது தன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதச் சொன்னாள். பலகை வந்த அன்றே கேட்டுக்காரர் அதைத் தேய்த்துவிட்டார். அதையும் எவ்வளவு வழுவழுப்பாகத் தேய்த்திருந்தார் என்கிறீர்கள்! அங்கே ஒரு பெயர் இருந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். "கேட்டுச் செய்யறவன் பேரு சிலையில எதுக்கு? நாளைக்கு எவனாவது கேட்டுக்கு ஆர்டர் குடுக்க வந்தா, 'ஐயோ இவரு கலைஞர்'னு பயந்து ஓடிடுவான்."

சரி, பெயரைத்தான் தேய்ப்பார், கையை எப்படித் தேய்ப்பார் என்று பார்க்கலாம் என அவள் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். அவள் ஒன்றை முடிவு கட்டினால் வெண்கலம் ஊற்றிய மாதிரிதான். ஆறினபிறகு ஒன்றும் செய்யமுடியாது.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. புதிதாகக் கட்டிய கட்டடம்; வாசலில் ஒரு சிலை வேண்டும். பெரிய டாக்டர் நேரிலேயே வந்தார். நல்ல மனுஷர். நம்பிக்கை என்கிற மாதிரி ஏதாவது வேண்டும், கையில் விளக்கு ஏந்திய ஒரு பெண் என்றால் எல்லாருக்கும் புரியும் என்றார். மெழுகக்கா அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு யாரு சார் விளக்கைத் தூக்கிட்டு வர்றா? பையைத்தான் தூக்கிட்டு வர்றாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தவர் யோசித்தார். யோசித்தவர் ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஒரு பெஞ்சு. அதில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரியவள். பையும் உடம்பும் எவர்சில்வர். கைகளும் தலையும் வெண்கலம். கழுத்திலிருந்து இடது தோள்வரை இறங்கி வருகிற வெண்கலம், தோளில் எவர்சில்வரோடு சேரவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிற சாதி இல்லை. சூடு கொஞ்சம் கூடினால் வெண்கலம் தொங்கிவிடும், குறைந்தால் ஒட்டாது. கேட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெண்கலக் கம்பியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி, தோளின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை ஒரே ஓட்டமாக ஓட்டினார். முகமூடியை அவர் தூக்கியபோது அங்கே ஒரு தடம் நின்றது. பொன் நிறத்தில், செதில் செதிலாக, ஒரு செதிலும் பெரிதும் இல்லாமல் சிறிதும் இல்லாமல். அதன் ஓரத்தில் எவர்சில்வர் சூட்டில் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது.

மெழுகக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இதை இப்படியே விட்டுடுங்க."

"எதை?"

"இதைத்தான். தேய்க்க வேணாம்."

"ம்" என்றார் கேட்டுக்காரர்.

அந்த ம்-மை அவள் நம்பினாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் புருஷன் சொல்கிற ம்-மை நம்பினாள் என்றால் அவளைச் சொல்லவேண்டும். ஏன் என்று காரணம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மனுஷர் கூச்சப்பட்டு முன்னைவிட வேகமாகத் தேய்ப்பார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் கட்டியிருந்த மேடையில் போல்ட்டு பதிக்கும் இடத்தைக் குறிக்க அவள் போயிருந்தாள். அடுத்த நாள் காலையில் லாரி வருகிறது. மாலையில் திரும்பி வந்தால் பட்டறை பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது. சிலைக்கு முன்னால் கேட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. பரிசு கொடுத்துவிட்டுப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறவர்கள் நிற்பார்களே, அந்த மாதிரி.

தோள் கண்ணாடியாக இருந்தது. வெண்கலம் முடிகிற இடமும் எவர்சில்வர் தொடங்குகிற இடமும் ஒரு கோடாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பாலும் டிகாஷனும் தானாகவே வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்ட மாதிரி. சேர்த்துவைத்த கையைக் காணோம்.

"எப்படி?" என்றார்.

மெழுகக்கா தோளையே பார்த்தாள்.

"நீ விட்டுடுன்னு சொன்ன. எனக்கு வேலை அதிகமாகுதேன்னு இரக்கப்பட்டுத்தானே சொன்ன? எனக்குத் தெரியாதா உன்னை? உன் சிலைக்குக் கூடச் செய்யலைன்னா அப்புறம் என்ன வெல்டர் நான்? மதியம் சாப்பிடக்கூட மேல போகல."

அவள் பையைக் கீழே வைத்தாள். சிலையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு படியேறி மேலே போய்விட்டாள். கேட்டுக்காரர் அது சந்தோஷத்தில் பேச்சு வராமல் போனது என்றே முதலில் எடுத்துக்கொண்டார். பாவம்.

சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது.

"உங்க அண்ணனைக் குழம்பு ஊத்திக்கச் சொல்லு" என்றாள் மெழுகக்கா.

நாத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, குழம்பு."

"பசிக்கலைன்னு சொல்லு."

"அண்ணி, பசிக்கலையாம்."

"பசிக்காம எப்படி இருக்கும்? காலையிலேருந்து என் பொழைப்பைத் தேய்ச்சிருக்காரு. கை ஓய்ஞ்சு போயிருக்குமே."

"அண்ணா, அண்ணி என்ன சொல்றாங்கன்னா..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்குக் காது இருக்கு."

"அப்ப நான் எதுக்கு நடுவுல போஸ்ட்மேன் வேலை பாக்கறேன்? கையை நீட்டினா தொடற தூரத்துல உட்கார்ந்திருக்கீங்க ரெண்டு பேரும்!"

கேட்டுக்காரர் தட்டை நகர்த்திவிட்டு நேராகவே கேட்டார். "என்னதான் வேணும் உனக்கு? ஊரெல்லாம் என் கேட்டு நிக்குது. ஒரு இடத்துல விரலை வெச்சு, இங்கதான் சேர்த்திருக்கான்னு எவனாவது சொல்லட்டும். ஆஸ்பத்திரி வாசல்ல, ஆயிரம் பேர் வந்துபோற இடத்துல, மேடும் பள்ளமுமா விட்டுட்டு வரணுமா? பார்க்கறவன் என்ன சொல்லுவான்? கேட்டுக்காரனுக்குத் தேய்க்கக்கூடத் தெரியலைன்னு சொல்லமாட்டான்?"

"சொல்லட்டுமே. அப்பவாவது கேட்டுக்காரன்னு ஒருத்தன் இருக்கான்னு தெரியுமில்ல."

"நல்லா இருக்கறதை வேணும்னே கெடுக்கச் சொல்றியா?"

"ஆமா."

"அப்ப நீ? உன் கட்டைவிரல் ரேகை மெழுகுல பதிஞ்சா நீ விடறியா? அரத்தால ராவி ராவி, உளியால செதுக்கி, ஒரு நாள் முழுக்க அழிக்கறியே, அது மட்டும் என்னவாம்?"

உண்மையைத்தான் சொன்னார். அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான் பழக்கினார்கள். வார்த்தவர் விரல் வார்ப்பில் தெரியக்கூடாது. பதில் இல்லாதபோது மெழுகக்கா செய்கிற ஒரே காரியம் குரலை உயர்த்துவது.

"என் பேருதான் பலகையில எழுதி ஒட்டியிருக்கே! உங்க பேரு எங்க இருக்கு? ஒரு பொம்பளை எச்சில் கோப்பையை உங்க கையில குடுத்துட்டுப் போறா. வாங்கிட்டுப் போய்க் கழுவி வைக்கறீங்க. அது எனக்கு எப்படி இருக்கும்?"

நாத்தனார் குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கழுவல" என்றார் கேட்டுக்காரர். "வெச்சுட்டுத்தான் வந்தேன்."

அதோடு எழுந்து போய்விட்டார். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவர் தந்த விளக்கம் அவ்வளவுதான்.

காலையில் லாரி வருவதற்கு முன்னால் பட்டறையிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம். நாத்தனார் ஓடிவந்து பார்த்தாள். மெழுகக்கா அவருடைய முகமூடியை மாட்டிக்கொண்டு, உடைந்த தகடு ஒன்றின்மேல் வெல்டிங் செய்து பழகிக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் இந்தப் பட்டறையில் குடியிருந்தும் அந்த வெல்டிங் பிடியைத் தொட்டதில்லை. தகட்டில் விழுந்திருந்ததைப் பார்த்தால் காக்கை எச்சம் போட்ட மாதிரி இருந்தது. இரண்டு இடத்தில் ஓட்டை.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"பழகறேன். பழகிட்டுத் தோள்ல போடப்போறேன். இவரு போடலைன்னா நான் போடறேன். வெல்டிங்னு ஒண்ணு அங்க தெரியணும். யாரு போட்டதா இருந்தா என்ன?"

யார் போட்டதாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை என்பது முழுப்பொய். அவளுக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். மாடிப்படியில் பல் துலக்குகிற பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்த கேட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அவர் கண் அவள் முகத்தில் இல்லை, அந்தத் தகட்டில் இருந்தது. தன் பட்டறையில், தன் இயந்திரத்தில், அப்படி ஒரு அசிங்கம்!

"கையை ஏன் அப்படி வெட்டிவெட்டி இழுக்கற?" என்றார் நுரை வாயோடு.

"எனக்கு இவ்வளவுதான் வரும்."

"கம்பியை முன்னால நீட்டு. முன்னால. அது முன்னாலயா? ஐயோ, தகடு அழுவுதுடி!"

"அழட்டும்."

அவள் முகமூடியோடு சிலைப் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான். கேட்டுக்காரர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் வந்து பிடியைப் பிடுங்கினார். முகமூடியைப் பிடுங்கினார். "நகரு. வெளிச்சத்தைப் பார்க்காத. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று அதட்டினார். பெண்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். சுவரில் நீல வெளிச்சம் ஆடியது. மெழுகக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எங்கேயும் அறுபடவில்லை.

திரும்பிப் பார்த்தபோது தோளில் மறுபடியும் தடம் இருந்தது. முந்தியதைவிட நன்றாக இருந்தது என்று நாத்தனார் சொல்கிறாள். கோபத்தில் போட்டது அல்லவா, நேராக வந்துவிட்டது. அவர் முகமூடியைக் கழற்றினார். கை, பழக்கத்தில், தேய்க்கிற இயந்திரத்தின் பக்கம் போனது. போன கை பாதியில் நின்றது. மெழுகக்கா அந்த இயந்திரத்தின்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு. தேய்க்கலை. கருகல் இருக்கு, துடைக்கணும்."

"துணியால துடைங்க."

துணியால் துடைத்தார். வாசலில் லாரிக்காரர் ஹார்ன் அடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் சிலையைக் கிரேனில் இறக்கி, பெஞ்சை மேடையில் நிறுத்தி, போல்ட்டுகளை முடுக்கியது கேட்டுக்காரர்தான். அதுவரை அவர் சாதாரணமாகத்தான் இருந்தார். ஆட்கள் வரத்தொடங்கியதும் சிலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெரிய டாக்டர் வந்தார், கூட இன்னும் சில டாக்டர்கள், நர்சுகள், பணம் கொடுத்த பெரிய மனிதர்கள். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். பையைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்கள். ஒரு நர்சு, "இந்தம்மாவை நான் வார்டுல பார்த்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பேருந்தில் எந்த மூக்கோ, எந்தக் காதோ, யாருக்குத் தெரியும்!

பெரிய டாக்டர் தோளருகே குனிந்தார்.

"எல்லாம் பிரமாதம். இந்த இடம் மட்டும் கொஞ்சம் முடிக்காம விட்டுட்ட மாதிரி இருக்கே? நேரம் பத்தலையோ?"

கேட்டுக்காரரின் காது இரண்டும் பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி ஆகிவிட்டது. "இல்ல சார், நான் நாளைக்கு வந்து..." என்று ஆரம்பித்தார்.

"முடிச்சதே அதுதான் சார்" என்றாள் மெழுகக்கா. "மத்ததெல்லாம்தான் இன்னும் கொஞ்சம் செஞ்சிருக்கலாம்."

டாக்டர் தலையாட்டினார். பெரிய மனிதர்கள் இப்படிப்பட்ட பதிலைக் கேட்டால் ஆழமான பொருள் இருக்கிறது என்று எண்ணித் தலையாட்டிவிடுவார்கள். அது ஒரு வசதி. ஆனால் கேட்டுக்காரருக்கு அந்தத் தலையாட்டல் போதவில்லை. மறுபடி யாராவது குனிந்துவிடப் போகிறார்களே என்று மெதுவாக இடது பக்கம் நகர்ந்தார். நகர்ந்து, ஏதோ சாய்ந்து நிற்கிறவர் மாதிரி, உள்ளங்கையை விரித்து அந்தத் தோளின்மேல் வைத்து, தடத்தை முழுக்க மூடிக்கொண்டார். கிழிந்த சட்டையை மூடிக்கொள்கிறவர் மாதிரி.

போட்டோ பிடிக்கிறவர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். படம் எடுக்காமல் அதை இறக்கிவிட்டுக் கையை ஆட்டினார்.

"ஐயா, பின்னால நிக்கறவரே, நீங்கதான். சிலை மேலேருந்து கையை எடுத்துடுங்க. கை படத்துல விழுது."

கேட்டுக்காரர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் தடம் தெரியும். அவர் மெழுகக்காவைப் பார்த்தார், கெஞ்சுகிற பார்வை. நாத்தனார் கூட்டத்திலிருந்து அண்ணியைப் பார்த்தாள். இதற்காகத்தானே இவ்வளவு ரகளை, இப்போது அண்ணி போய் அந்தக் கையை இழுத்து எறிவாள் என்றே அவள் நினைத்தாள்.

மெழுகக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புறங்கையெல்லாம் தீப்பொறி விழுந்து விழுந்து வெள்ளைப் புள்ளி. ஒரு நகம் கறுத்திருந்தது. கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளின் தோளில் அது கனமாக, அசையாமல், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"இருக்கட்டும் தம்பி. கையோடயே எடுங்க" என்றாள்.

"அம்மா, அப்ப நீங்களும் ஒரு கையை சிலை மேல வெச்சுக்கோங்க. செஞ்சவங்க நீங்கதானே?"

அவள் வந்து சிலையின் மறுபக்கம் நின்றாள். வெண்கலக் கைகளுக்குப் பக்கத்தில், மெழுகு படிந்த தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.